அஞ்சு லட்சம் கார்டு இருக்கு, மேல எந்தப் பாலிசி?

மிளகு வித்து கையில நாலு காசு புரளுற மாசத்துல எங்க தாண்டிக்குடி பக்கம் ரெண்டு பேர் தவறாம மலையேறி வருவாங்க. ஒருத்தர் உரம் விக்கிறவர், இன்னொருத்தர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இந்தத் தடவை ஏஜெண்ட் சொன்ன கணக்கு கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. "ஐயா, முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டுல உங்களுக்கு அஞ்சு லட்சம் இருக்கு. அதுக்கு மேல சூப்பர் டாப்-அப் ஒண்ணு போட்டுட்டா, முதல் அஞ்சு லட்சத்தைக் கார்டு பார்த்துக்கும், மிச்சத்தை நாங்க பார்த்துக்குவோம். பிரீமியமும் கம்மி."

டீக்கடையில எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு அந்தக் கணக்கு ஒப்பல. ஏன்னு சொல்றேன்.

கார்டுல இருக்கிற அஞ்சு லட்சம் நம்ம கைக்கு வர்ற பணம் இல்லை. திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில, திட்டத்துல இருக்கிற சிகிச்சைக்கு, அரசு வச்ச விலையில ஆஸ்பத்திரிக்கே நேரா போற பணம். அங்க நமக்கு பில்லே கிடையாது. அப்ப டாப்-அப்புக்கு வேலையும் இல்லை. திட்டத்துல சேராத ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டு ஒரு ரூபா தராது. பில் ஏழு லட்சம்னு வைங்க. அஞ்சு லட்சத்துக்கு மேலதான் தருவேன்னு சொல்ற பாலிசி ரெண்டு லட்சம் தரும். மீதி அஞ்சு லட்சத்துக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கணும். கார்டும் டாப்-அப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாடி கிடையாது, தனித்தனி வீடு.

அதனால அந்த 'அதுக்கு மேல' தொகையை (டிடக்டிபிள்னு சொல்வாங்க) கார்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ராத்திரியோட ராத்திரியா உங்களால எவ்வளவு புரட்ட முடியும்னு பார்த்து முடிவு பண்ணுங்க. எங்க ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு அது ஒரு லட்சம் தாண்டாது. பிரீமியம் கூடத்தான் செய்யும். ஆனா அதுதான் நிஜமா உதவுற பாலிசி. வெறும் டாப்-அப், சூப்பர் டாப்-அப் ரெண்டும் வேற வேற, அதையும் கேட்டுக்கங்க. மூணு லட்சத்துக்கு மேலன்னு எடுத்து, ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ரெண்டு ரெண்டு லட்சம் செலவானா, டாப்-அப் ஒண்ணும் தராது. சூப்பர் டாப்-அப் ரெண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு லட்சம் தரும்.

அரசுக் கார்டை மட்டமா பேசுறதா நினைச்சிராதீங்க. வயசானவங்களுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு. சர்க்கரை, பிரஷர் ஏற்கனவே இருந்தாலும் முதல் நாள்ல இருந்தே எடுத்துக்கும். பிரைவேட் பாலிசியில அந்த மாதிரி பழைய நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். எழுபத்தஞ்சு வயசுல மூணு வருஷம்னா சும்மாவா? முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். எழுபது வயசு ஆனவங்களுக்கு வருமான வரம்பே இல்லாம மத்திய அரசு 2024 அக்டோபர் 29ல வய வந்தனா கார்டை அறிவிச்சது. பிரைவேட் பாலிசி வச்சிருக்கிறவங்களும் அதுல சேரலாம்.

ஆனா மேல்மலையில மன்னவனூர், கவுஞ்சி, பூண்டிக்காரங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. பெரிய வைத்தியம்னா கொடைக்கானல் வந்து, மலையிறங்கி வத்தலக்குண்டு, அப்புறம் தேனியோ திண்டுக்கல்லோ மதுரையோ. கூட இருக்கிறவர் சாப்பாடு, லாட்ஜ், திரும்பி வர்ற வண்டி, விட்டுப்போன பூண்டு அறுவடைக் கூலி, எதையும் கார்டு தராது. அட்மிட் ஆகாம மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கும் தராது. பாலிசிகளும் பெரும்பாலும் தராது. மாத்திரையைப் பொறுத்தவரை, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது, பதிஞ்சு வாங்கிக்கங்க. மத்ததுக்கு, மாசம் ஐநூறோ ஆயிரமோ போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போட்டு வைக்கிறது பாதி பாலிசிகளை விட மேல்னு நான் சொல்வேன். ஏஜெண்டுகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

கோயம்புத்தூர், திருப்பூர்ல வேலை பார்க்கிற பிள்ளைங்க அப்பா அம்மாவுக்குப் பாலிசி எடுக்கிறதா இருந்தா, சென்னை ஆஸ்பத்திரி லிஸ்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. திண்டுக்கல், தேனி, மதுரையில எது கேஷ்லெஸ்னு பாருங்க. பில்லுல நம்ம பங்கு எத்தனை சதவீதம், ரூம் வாடகைக்கு உச்சவரம்பு உண்டான்னு கேளுங்க. 65 தாண்டினா புதுசா பாலிசி இல்லைங்கிற பேச்சு 2024 ஏப்ரலோட போச்சு. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22ல இருந்து இல்லை. இன்னும் பழைய விலையைச் சொல்றவங்க இருக்காங்க.

ஃபார்ம்ல 'நோய் எதுவும் இல்லை'ன்னு ஏஜெண்டே எழுதிக்கிறது எங்க பக்கம் சகஜம். விடாதீங்க. இருக்கிற நோயை எழுதச் சொல்லுங்க. பத்திரம் கைக்கு வந்து 30 நாளைக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம். அந்தத் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வர்ற பிள்ளைக்காகக் காத்திருக்காம, பக்கத்து வீட்டுல காலேஜ் படிக்கிற பொண்ணையாவது கூப்பிட்டு முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.