கம்பிக்குக் காவல் உண்டு, கொழுந்தெடுப்பவருக்கு?



மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலைநாட்டில் இடி முழங்கும். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில்தான் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் மின்னல் ஆபத்து அதிகம்.

அம்பேவெலப் பக்கம் போனவர்கள் அங்குள்ள காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று பலமாக வீசும் மேட்டில்தான் அவற்றை நிறுத்த வேண்டும். ஆனால் உயரத்தில் தனித்து நிற்கும் பொருளில்தான் மின்னலும் விழும். ஆகவே மலைப்பகுதிக் காற்றாலைகளுக்கும் அவற்றின் மின்கம்பிகளுக்கும் காவல் போடும் முறைகளைப் பொறியியலாளர்கள் வகுத்திருக்கிறார்கள்.

இறக்கையின் நுனியில் மின்னலை வாங்க ஓர் உலோகத் துண்டு வைத்து, அதிலிருந்து நிலம் வரை கம்பி இறக்குகிறார்கள். மின்சாரம் போகும் கம்பிகளுக்கு மேலே ஒரு காவல் கம்பி கட்டுகிறார்கள். மின்னல் விழுந்தால் அது முதலில் வாங்கிக்கொள்ளும். கருவிகளின் அருகே மின்னல் தடுப்பான் பொருத்துகிறார்கள். வாங்கிய மின்னல் கடைசியில் நிலத்துக்குள் இறங்க வேண்டும். மலையில் சிக்கல் அங்கேதான். பாறை நிலம் மின்சாரத்தை இலகுவில் உள்வாங்காது. அப்போது மின்னல் கோபுரத்திலிருந்து மின்கம்பிக்கே பாய்ந்துவிடும். அதனால் ஏர்த் கம்பியைச் சரிவில் நீளமாகப் புதைத்து, தடை எவ்வளவு என்று அளந்தும் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் பணம் செலவாகும். கருவி எரிந்தால் அதைவிட நட்டம் என்பதால் செலவழிக்கிறார்கள்.

அதே மலைகளில்தான் நாமும் வேலை செய்கிறோம். தேயிலைச் செடி இடுப்பளவு. அதற்கு மேலே நிமிர்ந்து நிற்பது நம் பெண்கள். இடி கேட்டு இறங்கினால் அரைப்பேர் ஆகிவிடுமோ, கிலோ குறையுமோ என்ற பயத்தில் நின்று கொழுந்தெடுக்கிறார்கள். கம்பிக்குச் செய்யும் கணக்கை இவர்களுக்கும் செய்யச் சொல்கிறோம். நமது கோரிக்கைகள் மூன்று:

ஒன்று, மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே வேலை நிற்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மலைக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்துக்காகப் பேர் வெட்டக்கூடாது. அன்றைய கிலோவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

இரண்டு, ஒதுங்குவதற்குச் சுவரும் கூரையும் உள்ள கட்டடம் வேண்டும். நாலு பக்கமும் திறந்த மடுவமும் மரத்தடியும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.

மூன்று, லயன்களின் மின் இணைப்பையும் ஏர்த் கம்பியையும் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் அது மின்னலைத் தடுக்காது. வானம் இருண்டதுமே டீவியின் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு அவற்றைத் தொட வேண்டாம்.

இடிமழைக் காலம் தொடங்கும் முன்பே தோட்டக் கமிட்டியும் மாதர் தலைவியரும் கூடிப் பேசி, இவற்றைத் துரையிடம் எழுத்தில் கொடுங்கள். திகதியிட்ட பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.