மோட்டார் பழுதென்று கடிகாரத்தை எறியலாமா?

எண் பொறித்த சிறு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு நேரம் காட்டும் மின்கடிகாரங்களை 1960களிலும் 1970களிலும் அயல்நாடு சென்று திரும்பியோர் பலர் விரும்பி வாங்கி வந்தனர். இத்தாலியின் சோலாரி, ஜப்பானின் கோப்பால் ஆகிய நிறுவனங்கள் இவற்றைச் செய்து புகழ் பெற்றவை. அக்கடிகாரங்களுள் பல இன்று 'மோட்டார் பழுது' என்ற ஒற்றைத் தீர்ப்பினால் பரணில் கிடக்கின்றன; அல்லது பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. இத்தீர்ப்பு பெரும்பாலும் ஆராயாமல் வழங்கப்படுகிறது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டுக் கடிகாரமே இதற்குச் சான்றாகும். அதனை என் தந்தையார் 1976-இல் ஒசாக்கா நகரில் வாங்கி வந்தார். தில்லியில், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியுடன் இணைத்து இயக்கியபோது, அது மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. பழுது பார்ப்போர் இருவர் மோட்டார் கெட்டுவிட்டதென்றனர். மூன்றாமவர் பற்சக்கரங்களில் கடுகெண்ணெய் விட்டார். சில மாதங்களில் கடிகாரம் அடியோடு நின்றது. குறையுள்ள பொருளை வாங்கி ஏமாந்துவிட்டோம் என்ற மனக்குறை தந்தையார்க்கு இறுதிவரை நீங்கவில்லை.

அண்மையில் நான் அதனைத் திறந்து, மோட்டாரில் ஒட்டியிருந்த விவரச் சீட்டைப் படித்தேன். '100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று அதில் அச்சிட்டிருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால ஐயம் அவ்விரண்டு எண்களால் தீர்ந்தது.

இக்கடிகாரத்திலுள்ளது ஒத்தியங்கு மோட்டார். அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தமன்று. மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணேயாகும். ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும், ஒசாக்கா அடங்கிய மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் வழங்குகின்றன. இந்தியாவில் எங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். எனவே 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுமேயன்றி அதிர்வெண்ணை மாற்றாது. ஆகவே 'கெட்டுப்போன' அம்மோட்டார் தன் கடமையைப் பிழையின்றியே செய்து வந்திருக்கிறது.

கடிகாரம் நின்றதற்கும் காரணம் எளியதே. தாவர எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகும்; மெல்லிய பற்சக்கரங்கள் அதில் சிக்கிக்கொள்ளும். இத்தகைய கடிகாரம் நின்றால், மின்னிணைப்பை நீக்கிய பின்னரே அதனைத் திறக்க வேண்டும். மோட்டாரைத் தனியே கழற்றிச் சோதித்தால் பழுதின் இடம் விளங்கும். அது தனித்து நன்றாகச் சுழன்றால், குறை தகடுகளைச் சுழற்றும் அமைப்பில் உள்ளது. முனகல் ஒலி மட்டும் எழுந்து சுழலாவிடில், மோட்டாரின் பற்சக்கரங்கள் இறுகியிருத்தல் கூடும். அவற்றைத் துப்புரவு செய்து, கடிகார எண்ணெய் ஒரு துளி இடுவது போதுமானதாயிருக்கலாம். ஒலியே இல்லையெனில் கம்பிச்சுருள் அறுந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

மோட்டாரையே மாற்ற நேரினும் கடிகாரத்தை எறியவேண்டுவதில்லை. மின்னழுத்தம், அதிர்வெண், இறுதிச் சுழற்சி வேகம், சுழலும் திசை ஆகிய நான்கும் பொருந்திய வேறொரு மோட்டாரைப் பொருத்தலாம். எங்கள் கடிகாரத்திற்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒன்றைத் தேடிப் பொருத்தச் செய்தேன். இப்போது மின்மாற்றியும் வேண்டுவதில்லை, நேரமும் சரியாயிருக்கிறது.

புதிய கடிகாரம் மலிவாய்க் கிடைக்கையில் இத்துணைத் தொல்லை எதற்கென்று சிலர் வினவலாம். மின்கம்பியின் உறை வெடித்து, தீப்பற்றும் அபாயம் உள்ள நிலையில் பழமையைப் போற்றுவது அறிவுடைமையன்று. கம்பியை மாற்றியே தீரவேண்டும். ஆனால் ஓர் உறுப்பின் குறைக்காக முழுப்பொருளையும் கழிப்பது சிக்கனமுமன்று, அறிவியல் மனப்பான்மையுமன்று. காரணம் அறியாமல் மாற்றுபவர் அதே தவற்றை மீண்டும் செய்யக்கூடும். அன்று எங்கள் கடிகாரத்திற்கு அதே வகையான புதிய மோட்டாரைப் பொருத்தியிருந்தாலும், அதுவும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியே இருக்கும்.

மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இது வரவேற்கத்தக்கது. எனினும் உரிமை பயன்படுவதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவு பழுது பார்ப்பவரின் மொழியில் இருத்தல் வேண்டும். எங்கள் கடிகாரத்தைப் பார்த்த மூவரும் திறமையற்றவரல்லர். சீட்டில் இருந்த அயல்மொழிக் குறிப்பின் பொருளை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை, அவ்வளவே. அறிவியல் நூல்களை மொழிபெயர்க்கும் என்போன்றோர், பழுது பார்க்கும் கையேடுகளைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதுவதை இரண்டாந்தரப் பணியாகக் கருதிவந்தோம். அக்கருத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். உற்பத்தியாளரும் தம் பொருள்களின் உறுப்பு விவரங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும்.

தந்தையார் வாங்கியது நல்ல கடிகாரமே. அதனை அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருக்குச் சொல்ல முடியாமற் போயிற்று. வாசகர் தம் வீட்டுப் பரணில் இத்தகைய பொருள் ஏதேனும் இருப்பின், அதனை எடைக்குப் போடுமுன் அதன் விவரச் சீட்டை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.