விழுவதற்கென்றே வைத்த சுவிட்ச்

ஆண்டிறுதி மழை தொடங்கிவிட்டது. குளிக்க வெந்நீர் தேடும் நாட்கள் வந்ததும் அந்தப் பழைய வாட்சப் செய்தியும் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது: ஹீட்டரைப் போட்டு, தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டுத்தான் குளியலறைக்குள் போக வேண்டுமாம். தமிழ்நாட்டில் பீப்பாய் போன்ற தொட்டியோடு சுவரில் தொங்கும் கீசருக்கு எழுதிய புத்திமதி இது. இங்கே மலேசியாவில், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது தொட்டியே இல்லாத ஹீட்டர். தண்ணீர் ஓடும்போதுதான் அது சுட வைக்கும், அணைத்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். பொருந்தாத புத்திமதியை இந்த ஊர்க்காரர்கள் எப்படிக் கடைப்பிடிப்பார்கள் என்று செய்தியை அனுப்பியவர் யோசிக்கவே இல்லை. அது வெறும் அறியாமை என்று விட்டுவிடலாம். அதன் கூடவே வரும் இன்னொரு நம்பிக்கையை அப்படி விட முடியாது. மெயின் பெட்டியில் பிரேக்கர் இருக்கிறது, எர்த் கம்பி இருக்கிறது, அது போதும். அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கும் கசிவுக் காப்புக் கருவி, அதாவது இ.எல்.சி.பி.தான் கோளாறு, அதைக் கழற்றிவிட்டு விழாத ஒன்றைப் போடு என்கிற நம்பிக்கை அது. படித்தவர் வீட்டிலும் இருக்கிறது. இது ஆளைக் கொல்லும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான். 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15.6 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறார்கள். ஹீட்டருக்குள் ஒரு வயர் நழுவி உலோகப் பகுதியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் எர்த் கம்பி வழியாகத் தரைக்குப் போகும். வீட்டுக்கு வெளியே புதைத்த எர்த் கம்பம் துருப்பிடித்து, அதன் தடை 50 ஓம் ஆகியிருந்தால் போகும் கரண்ட் 4.6 ஆம்பியர். ஹீட்டர் இழுப்பதையும் இந்தக் கசிவையும் சேர்த்தால் 20.2. பிரேக்கர் விழுமா? விழாது. 20 ஆம்பியர் பிரேக்கர் 22.6 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும் என்பதுதான் அதற்கான தரநிலை. 29 ஆம்பியரைத் தொட்டால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அந்த நேரம் முழுக்க ஹீட்டரின் உலோகமும், அதே எர்த் கம்பியில் சேர்ந்திருக்கும் குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டில் நிற்கும். காப்பாற்றும் என்று நம்பிய எர்த் கம்பியே ஆபத்தை வீடு முழுக்கப் பகிர்ந்து கொடுக்கிறது. பிரேக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்குத்தான் அதைச் செய்தார்கள். மனிதனைக் காப்பதற்கு அல்ல. நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தால், அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதயத்துக்கு அது மிக அதிகம்.

எர்த் நன்றாக இருந்தால் என்ன பயம் என்று கேட்பவர்கள் நம் நாட்டு மின் இணைப்பு எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் அவரவர் எர்த் கம்பம்தான் எர்த். மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல் தன் கேபிளோடு ஒரு எர்த் கம்பியையும் அனுப்பி வைப்பதில்லை. கசிந்த கரண்ட் மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். மண்ணின் தடை செம்புக் கம்பியின் தடை போன்றது அல்ல. அதனால்தான் 4.6 ஆம்பியர் என்ற சின்ன எண் திரும்பத் திரும்ப முன்னே வந்து நிற்கிறது. பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. கம்பத்தை 10 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் கசிவு 23 ஆம்பியர்தான். தண்ணீரைத் திறக்காத நேரத்தில் அதுவும் பிரேக்கரை உடனே விழவைக்கப் போதாது. இப்படிப்பட்ட இணைப்பில் ஆளைக் காப்பது இ.எல்.சி.பி. மட்டுமே. பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று அச்சிட்டிருக்கும், நம் வாயில் இ.எல்.சி.பி.; பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் அது வேறெங்கோ, ஒருவேளை யாரோ ஒருவர் உடல் வழியாக, போகிறது என்று பொருள், உடனே அறுத்துவிடும். 10 மில்லி ஆம்பியரில் விழ வேண்டிய கருவிக்கு 4.6 ஆம்பியர் என்பது 460 மடங்கு.

அந்த 10 எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் கரண்ட் பாய்ச்சி, எந்த அளவுக்கு மேல் பிடித்த பொருளை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் கை தானாக இறுகிக்கொள்ளும். கத்தலாம், விட முடியாது. வீட்டுக்கு ஏற்ற கசிவுக் காப்புக் கருவி ஒன்றை 1961-இல் உருவாக்கியவரும் அவரே. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின் 36-ஆவது விதி இந்த அறிவைத்தான் சட்டமாக்கியது: ஈரத் தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. இது எழுதி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் வீட்டு முகப்பில் 100 மில்லி ஆம்பியர் கருவி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இ.எல்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாகக் குளிக்கிறார்கள். அது வயரிங்குக்கான காவல். குளிப்பவருக்கான காவல் 10.

இடி இடித்தாலே விழுகிறதே என்பார்கள். உலகில் மின்னல் அதிகம் விழும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்னல் அலை வயரில் ஏறும்போது கருவி விழுவது உண்டு. அதற்கு மின்னல் அலையைத் தாங்கும் வகைக் கருவி இருக்கிறது, மெயின் பெட்டியில் அலைத்தடுப்பானும் போடலாம். மழையில் கூரை சொட்டுகிறது என்று யாராவது கூரையைப் பிய்த்தெறிவார்களா? வானம் வெளுத்திருக்கும் நாளில் விழுந்தால் அது இடி அல்ல, வீட்டுக்குள் எங்கோ கசிகிறது என்ற தகவல். ஹீட்டரின் சூடேற்றிக் கம்பி ஒரு செம்புக் குழாய்க்குள், மெக்னீசியம் ஆக்சைடு பொடிக்கு நடுவே இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அந்தக் குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழும். பொடி ஈரத்தை உறிஞ்சும். கரண்ட் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கும். முதலில் சில மில்லி ஆம்பியர். அந்த நேரத்தில் விழும் சுவிட்ச் முன்னெச்சரிக்கை தருகிறது. அதைக் கழற்றியவர் அந்த எச்சரிக்கையைக் கழற்றுகிறார். ஹீட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் மெயின் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் இடையில் கேபிள் உரிந்தால் அதற்குத் தெரியாது; ஆவியிலும் ஈரத்திலும் பத்து ஆண்டு தொங்கிய கருவி அழைத்த நேரத்தில் வேலை செய்யும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இரண்டும் வேண்டும். இரண்டிலும் சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் பொத்தான் எர்த் கம்பத்தைச் சோதிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கம்பத்தை அளக்க அதற்குரிய மீட்டரோடு வயர்மேன் வர வேண்டும்.

வயர்மேன் என்றால் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர். பைப் மாற்ற வந்தவரோ, ஏர்கான் கழுவ வந்தவரோ, ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் மச்சானோ அல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளின் குளியலறைகளில் ஹீட்டருக்கென்று தனி வயர் ஓடாதவை ஏராளம். பிறகு பக்கத்து அறையின் 13 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒட்டுப்போட்டு இழுக்கிறார்கள். 15.6 ஆம்பியர் இழுப்பதை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் கருகத்தான் செய்யும். தரச்சான்றான சிரிம் முத்திரை இல்லாத ஹீட்டரை இணையத்தில் மலிவாக வாங்கி மாட்டுகிறார்கள். அலங்காரக் கூரைக்கும் சமையலறை அலமாரிக்கும் கடன் வாங்கிச் செலவு செய்பவர்கள் தனிக் கேபிளுக்கும் 10 மில்லி ஆம்பியர் கருவிக்கும் பேரம் பேசுகிறார்கள். திருவிழாப் பந்தல்களில் மழைநீர் தேங்கிய தரையில் வயரைப் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் இதே அலட்சியம்தான். அங்கே ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். யாராவது இறந்தால் மின்கசிவே காரணம் என்று செய்தி வரும், அத்தோடு முடிந்துவிடும். கசிவைக் கண்டு அறுக்க வேண்டிய கருவி அங்கே இருந்ததா, இருந்தால் ஏன் விழவில்லை என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸின் பழைய கடைவீட்டு மாடிகளில் அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். படிக்க வந்த பிள்ளைகளும் வேலைக்கு வந்தவர்களும் அங்கே ஒரே குளியலறையைப் பகிர்கிறார்கள். இ.எல்.சி.பி. விழுந்தால் எல்லா அறையும் இருளும், வீட்டுக்காரருக்கு அழைப்பு மேல் அழைப்பு வரும். அந்தத் தொல்லைக்காகத்தான் அது முதலில் கழற்றப்படுகிறது. மெயின் பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிடுகிறார்கள். தினமும் அந்த ஹீட்டரின் கீழ் நனைந்து நிற்பவரால் சோதனைப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் வைப்புத்தொகை, தண்ணீர்க் கட்டணம், மின் கட்டணம் எல்லாம் வரிவரியாக இருக்கும். அதே காகிதத்தில் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறது, எர்த் இன்ன தேதியில் அளந்தது, பெட்டி பூட்டப்படாது என்று மூன்று வரி எழுதச் சொல்லி, அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.