கோயில் தெருவுக்குக் காகிதத் தோரணம்

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பூலாம்பாடி போன்ற ஊர்களில் இளவட்டங்களுக்கு முன்பெல்லாம் முதல் வேலை தோரணம் ஒட்டுவதுதான். திண்ணைத் தூண் இரண்டுக்கும் நடுவே சணல் கட்டுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்க மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேரும். கலர்த் தாளை மடித்து முக்கோணமாக வெட்டுவது பெரியவர்கள். விளிம்பில் பசை தடவிச் சணலில் மடித்து ஒட்டுவது பிள்ளைகள். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டால் சாயம் சொட்டி, அடியில் போகிறவர் வேட்டியெல்லாம் ரோஸ் நிறமாகும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்று பிளாஸ்டிக் தோரணம் சுருள் சுருளாக விற்கிறது. கட்டப் பத்து நிமிடம் போதும், அவிழ்க்கத்தான் ஆளில்லை. கிழிந்து சாக்கடையை அடைக்கிறது, குப்பைமேட்டில் மாடு தின்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடைசெய்த பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அதற்குத் தடை. அலங்காரத் தெர்மாகோலுக்கும் சேர்த்து. ஆனாலும் அபராதத்துக்குப் பயந்து மட்டும் பிளாஸ்டிக் தோரணத்தைக் கைவிட்டால் பாதி வேலைதான் நடந்ததாகும். கூடி உட்கார்ந்து ஒட்டிய அந்தத் திண்ணையும் திரும்ப வேண்டும்.

சாதாரணத் தாளால் என்ன முடியும் என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் பிறந்த ஜஸ்டின் ஃபவேலா என்ற கலைஞரின் வேர் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இருக்கிறது. நம் உறியடி போல அந்த மக்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு: வண்ணத் தாள் ஒட்டித் தொங்கவிட்ட பின்யாட்டா பொம்மையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். அடித்து உடைக்கும் அந்தப் பொம்மையின் தாளைத்தான் ஃபவேலா கையிலெடுத்தார். அவருடைய மக்கள் கொண்டாடும் 1964 மாடல் இம்பாலா கார் ஒன்றை முழு அளவில் பின்யாட்டாபோலத் தாள் ஒட்டிச் செய்து, 2017-ல் லாஸ் ஏஞ்சலிஸின் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். தோரணம்போல மலிவான தாள்தான். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை தான் யாரென்று சொல்ல அதுவே போதுமாயிருந்தது.

பூலாம்பாடிக்கு இது புரியும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்கள் உள்ள ஊர். பக்கத்து அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். தேருக்கும் வாகனத்துக்கும் செதுக்கிய கை அது. அந்தத் தேர் வரும் தெருவில் கட்டுகிற தோரணமும் நம் கையால் ஆனதாக இருக்க வேண்டாமா?

விழாக் கமிட்டி வரிப்பணத்தில் பிளாஸ்டிக் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்புகிறவர்கள், பணத்தோடு அதையும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவர்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. விற்கிற கடையைப் பேரூராட்சி கவனிக்கட்டும். வெட்டக் கற்றுத்தர வேண்டியவர்கள் தாத்தா, பாட்டிகள்தான். தாளும் சணலும் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நாலு சாயங்காலத்தில் ஒரு தெருவுக்கு ஒட்டிவிடுவார்கள்.