மரத்தை அல்ல, கைவேலையை விற்போம்

செற்றி செய்வதைப் பற்றி ஒரு விவசாயக் குடும்பத்துடன் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். காணி இன்னும் கைக்கு வராதவர்களுக்கும், வந்த காணியில் கிணறு தூர்ந்து கிடப்பவர்களுக்கும் முதலில் வேண்டியது நிலம்தான். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் நிலத்துக்காகக் காத்திருக்கும் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். காணி கிடைத்தவர்களுக்கும் காலபோக அறுவடை முடிந்த பின் கையில் வேலையில்லாத மாதங்கள் உண்டு. அந்த நாட்களில் எதைச் செய்யலாம் என்பதே இங்கு பேச்சு.

மீளக்குடியேறிய குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடிந்ததும், வருகிறவர்களை இருத்த ஓர் ஆசனம் வேண்டும் என்று தவணை முறையில் ஒரு சோபா வாங்கினார்கள். வாசலுக்குள் அது நுழையவில்லை. கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். முன்னறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. கடைசித் தவணையைக் கட்டுமுன்பே இருக்கை பள்ளமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒட்டுப்பலகையும் ஆணியும், கைபட்டால் உதிரும் ஸ்பொஞ்சும்தான். அதைத் திருத்த ஊரில் ஆளில்லை. இப்போது அது கோழி அடையும் இடம்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. கடன் எங்கள் கிராமங்களை எவ்வளவு வாட்டியது என்பதை 2018 இல் நாடே கண்டது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் உதிர்ந்துபோகும் பொருளுக்குத் தவணை கட்டுவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஸ்பொஞ்ச் பெற்றோலிய எண்ணெயிலிருந்து பெறப்படும் இரசாயனங்களால் ஆனது. எங்கள் சுற்றாடலில் கிடைப்பவை வேறு. பொச்சுமட்டையிலிருந்து எடுக்கும் தும்பு நன்றாக மீளும் தன்மையுள்ளது. ஈரத்தில் எளிதில் உக்காது. இலங்கையின் தும்பு மெத்தைக்கென்றே வெளிநாடுகளுக்குப் போகிறது. தும்புக்கு றப்பர் பால் தெளித்து அழுத்திய தட்டுகளும் இந்நாட்டிலேயே செய்யப்படுகின்றன. இலவம் பஞ்சு வெயில் காலத்தில் காய் வெடித்துக் கிடைக்கும். பச்சைப் பனைமட்டையில் உரித்த நாரை ஊறவைத்துப் பின்னினால் அது ஒரு ஆளின் பாரத்தைத் தாங்கும். உறைக்கு மருதமுனைக் கைத்தறி போன்ற தடித்த துணி இருக்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. சட்டத்தின் மேல் நாரோ தும்புக் கயிறோ இறுக்கிப் பின்ன வேண்டும். அதன்மேல் தும்பு மெத்தை, சாய்வதற்கு இலவம்பஞ்சுத் தலையணை. இலவம் பஞ்சை இருக்கைக்கு இட்டால் கொஞ்சக் காலத்தில் கட்டிபட்டுவிடும். ஆகவே அது முதுகுக்கே பொருந்தும். விரைவில் தீப்பற்றும் பொருள் என்பதால் விளக்குக்கும் அடுப்புக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். உறையைக் கழற்றித் துவைக்கக்கூடியதாகத் தைக்க வேண்டும். பின்னல் இடுக்கில் மூட்டைப்பூச்சி சேராதபடி அடிக்கடி வெயிலில் போட வேண்டும். தும்பு இருக்கை ஸ்பொஞ்சைவிடச் சற்றுக் கடினமானது. இவற்றையெல்லாம் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பின்னல் தளர்ந்தால் திரும்ப இறுக்கலாம், தும்பு அமிழ்ந்தால் உதறி நிரப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைச் சோபாவுக்கு இல்லாத சிறப்பு அது.

இனி மரத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் தவறக்கூடிய இடம் உள்ளது. தளபாடத் தொழில் என்றதும் முதிரை, பாலை என்று காட்டைப் பார்ப்பவர்கள் பலர். யுத்தத்தில் எங்கள் பனைகள் ஷெல் பட்டும், பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டும் அழிந்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். எஞ்சியிருப்பதையும் நாமே தறித்து ஆசனம் செய்தால் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்வோம்? ஒரு பனை வைரம் பாய்ந்த மரமாக ஒரு மனித ஆயுள் காலமே செல்லும். அதே பனை உயிரோடு நின்றால் ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலையையும் மட்டையையும் தருகிறது. தறித்தவருக்கு ஒருமுறை காசு. தறிக்காதவருக்கு ஆண்டுதோறும் நார்.

சட்டமும் இதையே சொல்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது என்பது 1951 ஆம் ஆண்டிலிருந்தே உள்ள கட்டுப்பாடு. மரத்தை வாகனத்தில் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் கேட்கப்படும். வேலை தொடங்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்டம் கட்டினால் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

அப்படியானால் எந்த மரம்? வேலியில் நின்று முதிர்ந்த பூவரசு, புயலில் சாய்ந்த வேம்பு, காய்ப்பு ஓய்ந்த தென்னை ஆகியன போதும். வேம்பைக் கறையான் இலேசில் தொடாது. ஆனால் பச்சை மரத்தில் வேலை செய்யக்கூடாது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. காயாத மரம் பின்னர் சுருங்கி, மூட்டு ஆடத் தொடங்கும். அதுவரை முதலை முடக்க முடியாதவர்களுக்கு, பழைய வீட்டின் வளையும் சிலாகையும் நிலையும் ஏற்கெனவே காய்ந்த மரம். ஆணியைக் கழற்றி, உக்கிய பகுதியை வெட்டி நீக்கினால் நல்ல சட்டம் கிடைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடிந்து கிடக்கும் வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு. நாம் திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அந்த மரம் யாருடைய வீட்டில் என்னவாக இருக்கிறதோ தெரியாது. அந்த வேதனையை அறிந்த நாம் இன்னொருவர் வளவில் கை வைக்கலாமா? உரிமையாளரிடம் கேட்டு, விலை கொடுத்து, ஒரு துண்டில் எழுதி வாங்கிய மரமே எங்கள் பட்டறைக்குள் வர வேண்டும்.

கடையோடு விலையில் போட்டி போட எங்களால் முடியாது; போட்டி போடவும் வேண்டாம். கடையால் செய்ய முடியாத ஒன்றை நாம் செய்யலாம். அது அளவெடுத்துச் செய்வது. முழங்கால் நோவுள்ள ஆச்சிக்குத் தாழ்ந்த ஆசனம் வேதனை. இருக்கையைச் சற்று உயர்த்தி, பிடித்து எழும்ப உறுதியான கைப்பிடி வைத்தால் அவர் ஒருவரின் உதவியுமின்றி எழும்புவார். வீட்டுத்திட்ட வீட்டின் சிறிய முன்னறைக்கு, கழற்றிப் பூட்டக்கூடிய சட்டமே உகந்தது. திரும்பவும் வீடு மாற வேண்டியவர்களுக்கும் அது உதவும். ஆகவே வீட்டுக்குப் போய் வாசலை அளவுங்கள், இருப்பவரின் காலையும் அளவுங்கள். பிறகு மரத்தை எடுங்கள்.

விலை சொல்லும்போது எங்கள் பெண்களின் உழைப்பு கணக்கில் விடுபடுகிறது என்பது எனது நீண்ட நாள் மனக்குறை. ஓடாவியாரின் கூலியை எழுதுவார்கள். நார் உரித்த, கயிறு திரித்த, உறை தைத்த நாட்களை எழுதமாட்டார்கள். வயலில் களை பிடுங்கும் ஒரு நாளுக்குக் கூலி உண்டென்றால் நார் பின்னும் நாளுக்கும் கூலி உண்டு. பொருட் செலவு, எல்லோருடைய நாட்கூலி, ஆயுதத் தேய்மானம், ஏற்றுக்கூலி ஆகியவற்றைக் கூட்டிய பின்னரே விலையைச் சொல்ல வேண்டும். முற்பணம் வாங்காமல் மரத்தில் உளி வைக்கவும் கூடாது.

ஒரு குடும்பம் தனியே இவ்வளவையும் செய்வது கடினம். தச்சுவேலை தெரிந்த ஒருவர், பின்னத் தெரிந்த இரண்டு மூன்று பெண்கள், தையல் இயந்திரமுள்ள ஒரு வீடு என்று ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் போதும். பயிற்சி தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்போம்: ஐம்பது பேருக்கு ஒரே சான்றிதழைத் தந்துவிட்டுப் போகாமல், ஊரிலுள்ள முதிய ஓடாவியாருக்குக் கூலி கொடுத்து, நாலு இளைஞரை அவருடன் ஒரு வருடம் வேலை செய்ய விடுங்கள். அவர் காலமாகிவிட்டால் அந்தத் தொழிலைச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை.

இடப்பெயர்வில் நாம் விட்டுவிட்டு வந்தவை பல. கையில் இருந்த தொழில் மட்டும் கூடவே வந்தது. அதைக் கொண்டு முதலில் செய்யும் ஆசனத்தை விற்காமல் உங்கள் வீட்டிலேயே போடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் அதில் இருந்து பாருங்கள். எங்கே தளர்கிறது, எங்கே நோகிறது என்று தெரிந்த பின் இரண்டாவதை அயலவருக்குச் செய்து கொடுக்கலாம்.