நாலு பேருக்கு ஒரு தூண்டில் தடி

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு தூண்டில் தடிதான் இருக்கு. இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில், இரண்டு பேர் மட்டக்களப்பில். ஒரு மாதம் தடி பண்ணைப் பாலத்தில் நிக்கும், அடுத்த மாதம் கல்லடிப் பாலத்தில். இடையில் இரவு பஸ். அந்த இரவு பஸ்ஸில்தான் போன வருசம் நுனி முறிஞ்சது. பழைய துணியால் சுத்தி, கயிறு கட்டி, சாமான் வைக்கிற இடத்தில் படுக்க வைத்திருந்தம். விடிய இறக்கும்போது அதுக்கு மேல ஒரு அரிசி மூட்டை. மூட்டையை வைத்தவரைக் குறை சொல்ல ஏலாது. அவருடைய கண்ணுக்கு அது ஒரு துணிச்சுருள். பிழை எங்கட.

"ஆளுக்கொரு தடி வாங்குவம்" என்பதுதான் எங்களுக்குள் முதலில் வந்த யோசனை. இப்போது எங்கட கருத்து அதுக்கு நேர் எதிர். தடி ஒன்றே ஒன்றாக இருந்ததால் அது முறியவில்லை, கூடு இல்லாததால் முறிஞ்சது. நாலு தடி வாங்கியிருந்தால் நாலும் முறிஞ்சிருக்கும். இரண்டாவது தடிக்குக் காசு சேர்க்க முதல், இருக்கிற தடிக்கு ஒரு கூடு செய்யவேணும்.

கைத்தூண்டில்காரருக்கு இந்தக் கவலையே இல்லை. போத்தலில் சுற்றிய தங்கூசியைச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தடி அப்படியில்லை. அதிலும் கார்பன் தடி பாரம் குறைவு, ஆனால் பக்கவாட்டில் ஒரு அடி பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அன்றைக்கு முறியாது. நல்ல மீன் ஒன்று இழுக்கிற நாளில்தான் முறியும்.

கூட்டுக்கு எங்கட தெரிவு எஸ்லோன் பைப். ஹாட்வெயார் கடையில், "என்ன தம்பி, பாத்றூம் வேலையோ?" எண்டு கேட்டார்.

"இல்லை அண்ணை, தூண்டில் தடிக்கு."

சிரிச்சுப்போட்டு, "அப்ப தடியைக் கொண்டு வாரும்" எண்டார். அதுதான் இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல புத்தி. பைப்பின் அகலத்தைத் தீர்மானிக்கிறது தடியின் மொத்தம் இல்லை, அதிலுள்ள பெரிய வளையம். எங்கட 7 அடித் தடி இரண்டாகக் கழரும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் 63 மில்லிமீற்றர் பைப் போதும். பெரிய வளையம் உள்ள தடிக்கு 75 எடுக்கலாம். நீளம், கூடிய துண்டைவிட நாலு விரல் அதிகம்.

ஒரு பக்கம் மூடியைக் கம் பூசி நிரந்தரமாக ஒட்டினம். மறுபக்கம் மரை உள்ள மூடி. கம் மணம் போகும்வரை ஒருநாள் திறந்து வைக்கவேணும். இரண்டு முனையிலும் பழைய இறப்பர் செருப்பை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தம். ஸ்பொஞ் வைத்தால் அது தண்ணியை இழுத்து வைத்துக்கொள்ளும். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பழைய சாரத்தில் இரண்டு அறையுள்ள ஒரு பை தைத்தம். மூடியில் சின்னத் துளை ஒன்று போட்டம். இல்லையெண்டால் உள்ளே ஈரம் அடைபட்டு வளையங்கள் கறள் பிடிக்கும். தோளில் போட பழைய புத்தகப் பையின் பட்டி, அதை இறுக்கிக் கட்ட சைக்கிள் ரியூப். செய்து முடித்த பிறகு எங்களில் பாரம் கூடியவர் அதுக்கு மேல ஏறி நின்றார். அசையவில்லை.

மரை மூடிக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இரண்டு பக்கமும் அடைத்த குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் பயணம் போகிற தமிழ்ப் பெடியனை எங்கட நாட்டில் யாராவது மறித்துக் கேட்கலாம். அது சின்ன விசயம் இல்லை. கேட்ட உடனே ஒரு கையால் திறந்து காட்டக்கூடியதாக இருக்கவேணும். வெளியில் 'தூண்டில் தடி' எண்டு மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறம். வாங்குகிற கூட்டில் இதெல்லாம் வராது. எங்கட பயணத்துக்கு என்ன வேணும் எண்டு எங்களுக்குத்தான் தெரியும்.

கடையில் விற்கிற கூடு இதைவிடப் பாரம் குறைவு, பார்க்கவும் வடிவு. அதை மறுக்கவில்லை. மடங்கி உள்ளே போகிற தடி வைத்திருக்கிறவருக்கு இவ்வளவு வேலையும் தேவையில்லை. ஆனால் "உதெல்லாம் காசு இல்லாத ஆக்கள் செய்யிற வேலை" எண்டு ஒரு நண்பர் சொன்னதுதான் எங்களுக்கு உறைச்சது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதையும் எங்கட வீடுகளில் இருக்கு. அதைப் பெருமையாகச் சொல்லுறம். 2022 இல் காஸ் இல்லாமல் விறகடுப்பு மூட்டினம், காஸ் வந்ததும் மறந்துபோனம். தட்டுப்பாடு வந்தால்தான் கையால் ஒன்றைச் செய்யவேணும் எண்டு யார் சொன்னது? வாங்க வசதி இருக்கிற நாளிலும், யோசித்து, அளந்து, எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் செய்யலாம். அது இல்லாமை இல்லை, தெரிவு.

முறிஞ்ச இடத்தை நேராக வெட்டி, கொஞ்சம் பெரிய நுனி வளையம் வாங்கி ஒட்டினம். தடி இப்ப நாலு விரல் கட்டை. மீனுக்கு அது தெரியவில்லை. கூட்டுக்குள் ஒரு சின்னக் கொப்பியும் போகுது. யார் கொண்டுபோனது, நல்ல தண்ணியில் கழுவிக் காயவிட்டதா, தங்கூசி எப்ப மாத்தினது எண்டு எழுதவேணும். நாலு பேர் ஒரு பொருளைச் சண்டையில்லாமல் வைத்திருக்க அதுவும் தேவை.

உங்கட வீட்டு மூலையிலும் ஒரு தடி சும்மா சாத்திக் கிடக்கலாம், வேற ஊரில் அதைக் கேட்கிற ஒரு சிநேகிதரும் இருக்கலாம். ஒரு கூடு செய்து அனுப்பிப் பாருங்கோ.