காற்றுக்குச் சுங்கம்

அமெரிக்காவில் செயற்கைக்கோள் டெலிவிஷன் பார்க்கிறவர்களுக்கு அடிக்கடி நேருகிற விசித்திரம் ஒன்று உண்டு. நேற்று ராத்திரி வரை தெரிந்த சொந்த ஊர் நிலையம் காலையில் காணோம். ஊர்ச் சேதியும் புயல் எச்சரிக்கையும் பந்தாட்டமும் வந்த இடத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் நிற்கிறது. குற்றமெல்லாம் நிலையத்து முதலாளியுடையதென்று செயற்கைக்கோள் கம்பெனி சொல்லும். கம்பெனியுடையதே என்று முதலாளி சொல்லுவார். இது இயந்திரக் கோளாறுமல்ல, கிரகக் கோளாறுமல்ல. பேரம் படியவில்லை, அவ்வளவே.

1992-ம் வருஷத்துச் சட்டப்படி, நிலையத்தாரின் சம்மதமில்லாமல் அவர்கள் நிகழ்ச்சியைக் கேபிள்காரர் எடுத்துக் காட்டக் கூடாது. 1999-ல் உள்ளூர் நிலையங்களை அந்தந்த ஊருக்கே அனுப்பச் செயற்கைக்கோள் கம்பெனிகளுக்கும் வழி பிறந்தது. பேரமும் கூடவே வந்தது. மூன்று வருஷத்துக்கொரு முறை நிலையத்தார் "கட்டாயமாகக் காட்டு" என்று காசில்லாமல் கேட்கலாம், அல்லது "பணம் கொடு" என்று கேட்கலாம். ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் நிலையம் எதைக் கேட்குமென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இதே நிலையம் கூரைமேல் ஆன்டெனா வைத்தவனுக்குத் தம்பிடி செலவின்றிக் கிடைக்கிறது! அந்த அலைகள் எந்த முதலாளியின் பாட்டன் சொத்துமல்ல. பொதுஜன நன்மைக்கு உழைப்பதாகச் சொல்லி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் மலைக்குப் பின்னாலும் தூரத்துக் கிராமத்திலும் ஆன்டெனா எட்டாமல் கிடக்கும் அதே பொதுஜனத்தைப் பணயமாக வைத்துப் பேரம் பேசுகிறார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்!

சேதி சேகரிக்க நிலையத்தாருக்குச் செலவில்லையா என்று கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாங்கும் பணத்தில் பெரும் பங்கை நெட்வொர்க் கம்பெனிகள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அது ஊர்ச் சேதிக்கென்று தங்குவதில்லை. கம்பெனியாரும் சாதுக்களல்லர். கொடுக்கிற பணத்தைச் சந்தாவில் ஏற்றிவிட்டு, ஏழை பங்காளர் வேஷம் போடுகிறார்கள்.

2021 அக்டோபரில் டெக்னா நிலையங்கள் டிஷ் நெட்வொர்க்கிலிருந்து மறைந்து, 2022 பிப்ரவரியில்தான் திரும்பின. 2023 ஜூலையில் நெக்ஸ்டார் நிலையங்கள் டைரக்டிவியில் மறைந்து, செப்டம்பரில்தான் வந்தன. பக்கத்து ஊரிலுள்ள அதே நெட்வொர்க்கின் நிலையத்தை எடுத்துக் காட்டலாமென்றாலோ, பெரும்பாலும் சட்டம் இடங்கொடாது. ஒரே கடை, அதற்கும் பூட்டு!

பேரம் நடக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் முடிகிற வரை பழைய விலைக்கே காட்டிக்கொண்டிருந்து, வித்தியாசத்தைப் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொண்டால் எந்தக் குடி முழுகிவிடும்? மறைந்த நாட்களுக்குச் சந்தாவில் பணம் திருப்பித் தரவேண்டுமென்று, ஒலிபரப்புகளை மேற்பார்க்கும் அந்நாட்டு சர்க்கார் கமிஷன் 2024 ஜனவரியில் ஒரு யோசனை வெளியிட்டது. அப்படித் திருப்புவதானாலும் கம்பெனியிடமிருந்து மட்டும்தானா, பூட்டுப் போட்ட நிலையத்தாரிடம் ஒன்றும் கேட்பதில்லையா என்பதே நமது கேள்வி.